குழம்பு சோறு கேட்கும், சோறு பாய் கேட்கும்

உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் காரணம் சோறுதான் என்று நம்பிய ஒரே தமிழர் எங்கள் சூப்பு சொல்தாவாகத்தான் இருக்க வேண்டும். பங்காளிச் சண்டையா, பையன் பரீட்சையில் கோட்டை விட்டானா, மாமியாருக்கு முட்டி வலியா, எதைச் சொன்னாலும் கடைசியில் அவர் விரல் சோற்றுப் பானையைத்தான் காட்டும். இத்தனைக்கும் அவர் குடியிருந்தது நெல் விளைகிற பாகூர் பக்கத்தில், நாலாபுறமும் வயல் சூழ்ந்த ஓர் ஊரில். மீன் சந்தையில் நின்றுகொண்டு மீன் நாறுகிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. அதனால் அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். மற்ற சொல்தாக்கள் துப்பாக்கி பிடித்தவர்கள். இவர் கரண்டி பிடித்தவர். யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் மீசை துடிக்கும். "துப்பாக்கி வெச்சிருந்தவன் யார் சொல்லி நடந்தான்? வயிறு சொல்லி நடந்தான். அந்த வயிறு யார் கையில இருந்துச்சு? எங் கையில!" என்பார். ஞானஸ்நானம் கொடுத்தபோது சாமியார் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார். அது சாமியாருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாகவே இருந்துவிட்டது. ஊருக்கு அவர் சூப்பு சொல்தா.

நான் வில்லியனூரிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது எழுபதுகளில். போன முதல் வாரம், அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்த தொப்பி, பின்னாலேயே ஒரு வெள்ளாடு. முன்பின் பார்த்திராத அந்த ஆள் நேராகக் குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்தார்.

"மொளகா போட்டியா?"

"போட்டேன்."

"போச்சு! மொளகா போட்டா அது கொழம்பு. கொழம்பு சோறு கேக்கும். சோறு துன்னா பாய் கேக்கும். பாயைப் போட்டா மனுசன் போயிட்டான்னு அர்த்தம். எங்க உம் புருசன்?"

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூடத்திலிருந்து குறட்டை கேட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்ததற்கும் தூங்கியதற்கும் நடுவில் ஒரு கொட்டாவிக்குத்தான் இடம் விடுவார். சொல்தா கூடத்துப் பக்கம் கையை நீட்டி, "கேட்டியா?" என்றார். ஆடுகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கல்யாணமான ஒரு வாரத்துக்குள் புருஷனை இப்படி மாட்டிவிட்ட ஆளை எந்தப் பெண் மன்னிப்பாள்? நானும் மன்னிக்கவில்லை.

சோற்றுக்குப் பதிலாக அவர் வைத்திருந்த மருந்துதான் அந்த சூப்பு. ஆட்டுக்கறியைப் பொடிப்பொடியாகக் கொத்தி, மண்ணுக்கடியில் விளைகிற எதெல்லாம் கிடைக்கிறதோ அதெல்லாம் வெட்டிப் போட்டு, மிளகு தட்டி, கரண்டி நிற்கிற பதம் வரும்வரை கொதிக்க வைப்பார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் அமிர்தம் இல்லை. புளியும் காரமும் பழகிய நாக்குக்கு அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியம்போல இருக்கும். ஆனால் அவர் விடமாட்டார். காய்ச்சல் என்றால் சூப்பு. துக்க வீடு என்றால் சூப்பு. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது நடுவில் புகுந்து ஆளுக்கொரு டம்ளர் நீட்டியவர் அவர். "நின்னுக்கினே குடிங்கடா. உக்காந்தா பழசெல்லாம் ஞாபகம் வரும்." சூப்புக்குப் பயந்தே சமாதானம் ஆனார்கள் என்று பேச்சு.

அவர் ஆட்டின் பெயர் கப்ரால். பட்டாளத்தில் அது ஒரு பதவியாம். காலையில் எழுந்ததும் அதற்கு ஒரு சலாம் வைப்பார். அதற்குப் பிறகுதான் மாதாவுக்கே சிலுவை போடுவார். எங்கே போனாலும் கப்ரால் பின்னால் வரும், கோயில் வாசல்வரை வந்து பூசை முடியும்வரை நிற்கும். பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு அதுதான் வீட்டு ஆள்.

கப்ராலுக்கும் அவருக்கும் பொதுவான எதிரி ஒருவன் ஊரில் இருந்தான். அம்மன் கிடா. ஏரிக்கரை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கறுப்புச் செம்மறிக் கிடா அது. எங்கள் ஊர் ஏரியான சித்தேரி நிறைந்து கரை நின்றால் அந்தக் கிடாவைக் கரையில் வெட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதற்கும் ஒரு முறை உண்டு. மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் யாரும் அரிவாளைத் தொடக்கூடாது. ஏரியோ இரண்டு மூன்று வருஷமாக நிறையவே இல்லை. அதனால் கிடா எந்த வேலையும் இல்லாமல் எந்தத் தோட்டத்திலும் புகுந்து மேய்ந்து, ஒரு சின்ன எருமை அளவுக்கு வளர்ந்திருந்தது. அம்மன் சொத்து என்பதால் யாரும் அதன்மேல் கை வைக்க மாட்டார்கள்.

சொல்தா தன் வீட்டுப் பின்னால் மணலைக் கொட்டிக் கேரட்டும் பீட்ரூட்டும் முள்ளங்கியும் போட்டிருந்தார். கிடாவுக்கு அது தெரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு பாத்தி காலி. அடிக்க முடியாது, விரட்டினால் போகாது. அவர் வேலியோரம் விறைப்பாக நின்று அதைப் பிரெஞ்சில் திட்டுவார். அது கேரட்டு இலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டுவிட்டுப் போகும்.

"ஒனக்கு ஒரு நாளு இருக்குதுடா" என்று மட்டும் தமிழில் முடிப்பார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாளிலிருந்தே ஆண்கள் ராத்திரி பகலாகக் கரையைக் காவல் காத்தார்கள். மூன்றாவது நாள் காலையில் சித்தேரி கரைக்குச் சமமாக நின்றது. பாகூர் போகிற ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது, அதனால் வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. மதகுக்குப் பக்கத்தில் கரையின் உள்புறம் மண் சரிய ஆரம்பித்திருந்தது. அது போனால் முதலில் போவது கரைக்குக் கீழே பால் பிடித்து நின்ற எங்கள் வயல்கள். அடுத்தது எங்கள் மாதா கோயில் தெரு. பள்ளத்தில் இருந்தது எங்கள் தெருதான். மேட்டில் இருந்த ஊர்த் தெருவுக்கு வீடு தப்பும், வெள்ளாமை தப்பாது.

ஆகவே இரண்டு தெரு ஆண்களும் கரையில் நின்றார்கள். ஊர்த் தெரு நாட்டாமை வைத்தியலிங்கம் முன்னால் நின்று குரல் கொடுக்க, மூட்டையில் மண் நிரப்பி வரிசையாகக் கைமாற்றிச் சரிவில் அடுக்கினார்கள். ஆள் வரிசை அறுந்தால் மூட்டை நிற்கும். மூட்டை நின்றால் தண்ணீர் நிற்காது.

உச்சிவேளை ஆனதும் வயிறு கேட்டது. இங்கேதான் வந்தது வினை. யார் வீட்டுச் சோற்றை யார் சாப்பிடலாம் என்பதில் அந்த ஊருக்கு ஒரு பெரிய சட்டமே உண்டு. எழுதி வைக்காத சட்டம். ஊர்த் தெருவில் பொங்கினால் எங்கள் ஆட்களுக்குத் தனியாக, கடைசியில். எங்கள் தெருவில் பொங்கினால் அவர்கள் தொடவே மாட்டார்கள். கரையில் ஒரே பந்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒரு கூட்டம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர, இன்னொரு கூட்டம் நிற்பது என்று முடிவாயிற்று.

போன கூட்டம் திரும்பவில்லை.

வேண்டுமென்றே செய்தது இல்லை. மூன்று நாள் தூக்கம் கெட்டு, நனைந்து, நடுங்கி வந்தவன் சூடான சோற்றைப் பார்த்தால் என்ன ஆவான்? என் வீட்டுக்காரர் கடைசிக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். "தோ வந்துட்டேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. தெருவிலே போய்ப் பார்த்தால் எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் குறட்டை. மழைச் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. கரையில் மீதி நிற்கிறவர்களும் சாப்பிட வந்தால் மதகு நிற்காது.

அப்போது தெருமுனையில் தகரத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு சொல்தா வந்தார். பின்னால் நனைந்த கப்ரால். ஒவ்வொரு வாசலிலும் நின்று குறட்டையைக் கேட்டார். என் வாசலுக்கு வந்ததும் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"நான் சொன்னப்ப சிரிச்சீங்க."

"இப்ப இன்னா செய்யறது சொல்தா?" என்றேன்.

"கரையில நிக்கிறவன் எவனும் இங்க வரக்கூடாது. நாம அங்க போவணும். கோயில் அண்டாவை எறக்கு. அலோன்!"

அலோன் என்றால் கிளம்புவோம் என்று அர்த்தம். மாதா திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டா கோயில் கொட்டகைக்கு வந்தது. பெண்கள் எல்லாரும் வந்தோம். ஊர்த் தெருவிலிருந்து அஞ்சலை அக்காவும் முக்காடு நனைய ஓடி வந்தாள், அவள் புருஷனும் கரையில் நின்றான். தன் கொல்லையில் தோண்டிய சேனைக்கிழங்கைக் கூடையோடு கொண்டு வந்தாள். ஒருத்தி மரவள்ளி, இன்னொருத்தி சேப்பங்கிழங்கு. சொல்தா தன் தோட்டத்தில் மிச்சமிருந்த கேரட்டு, முள்ளங்கி, பீட்ரூட்டு எல்லாவற்றையும் பிடுங்கிக் கொண்டு வந்து கொட்டினார்.

"கறி?" என்றாள் அஞ்சலை அக்கா.

ரோடு இல்லை, கறிக்கடை இல்லை. கிழங்கை மட்டும் வேகவைத்துக் கொடுத்தால் மூன்று நாள் நனைந்த உடம்பு எத்தனை நேரம் தாங்கும்? எங்கள் எல்லார் கண்ணும், எங்களைக் கேட்காமலே, கொட்டகை ஓரம் நின்ற கப்ராலின் பக்கம் போயிற்று. அது பாட்டுக்குப் பீட்ரூட்டு இலையைத் தின்றுகொண்டிருந்தது.

சொல்தா எங்கள் கண் போன இடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி" என்று சொல்லிவிட்டு, கப்ராலின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் பின்பக்கம் போனார்.

போனவர் வர வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது தோளில் ஒரு தவலை நிறையக் கறி. கண்கள் சிவந்திருந்தன. ஆடு இல்லை. அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். என் குசினிக்குள் புகுந்த அன்றிலிருந்து அந்த மனிதரை நான் திட்டாத நாளில்லை. அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம்போல இருந்தது.

அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. புளியங்கட்டையைப் போட்டு, இரண்டு கைக்கும் இரண்டு கத்தி எடுத்துக் கொத்த ஆரம்பித்தார். என் கையிலும் இரண்டு கத்தி.

"இன்னும் பொடியா! பல்லுக்கு வேலை வைக்காத. மெல்லணும்னா மனுசன் உக்காருவான்."

"சேனையை மொதல்ல போடு. கெட்டியா இருக்கிறவன் மொதல்ல எறங்கணும். கேரட்டு அப்புறம். பீட்ரூட்டைக் கடைசியில போடு, இல்லாட்டி அதும் நெறத்தை எல்லார் மேலயும் பூசிடும்."

விறகு நனைந்திருந்தது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. கொத்திய கறியை வெங்காயத்தோடு வதக்கித் தண்ணீர் ஊற்றிய நேரத்தில், கரையிலிருந்து ஒருவன் ஓடி வந்து கொட்டகைக்கு வெளியிலேயே நின்று கத்தினான்.

"மதகாண்ட இன்னும் கொஞ்சம் சரிஞ்சிடுச்சு! நிக்கிறவனுங்களும் பசிக்குது, வூட்டுக்குப் போறோம்ங்கறானுங்க!"

"ஒரு கொதி நிக்கச் சொல்லு!" என்று சொல்தா திரும்பிக் கத்தினார்.

அந்த ஒரு கொதிதான் வர மறுத்தது. அண்டாவையே எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இறுக்கத்தில் அஞ்சலை அக்கா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மிளகாய்த்தூள். பொட்டலம் அண்டாவுக்கு மேலே வருவதற்குள் சொல்தாவின் கரண்டி குறுக்கே வந்துவிட்டது.

"ஒறைப்பு இல்லாம எங்கூட்டுக்காரு வாயில வெக்க மாட்டாரு!"

"ஒறைச்சா சோறு கேப்பான். ஒம் புருசன் ஒனக்கு வேணுமா, ஒம் வெள்ளாமை வேணுமா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள் என்றே எனக்குத் தோன்றியது. பிறகு பொட்டலத்தை மடித்துவிட்டு மிளகைத் தட்ட உட்கார்ந்தாள். தட்டின வேகத்தைப் பார்த்தால் அம்மியில் இருந்தது மிளகு இல்லை, சொல்தாதான்.

கடைசியில் கொதித்தது. கிழங்கு மசிந்து கறியோடு சேர்ந்து, பீட்ரூட்டு இறங்கிச் செக்கச் செவேலென்று ஆயிற்று. மூங்கிலை அண்டா வளையங்களில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டோம், வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லாரும் குறட்டையில் இருந்தபடியால். சேறு முழங்கால்வரை. முன்னால் சொல்தா கரண்டியை உயர்த்திப் பிடித்து நடந்தார். ஒருத்தி வழுக்கினாலும் எல்லாம் ஏரிக்குத்தான். யாரும் வழுக்கவில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரையில் நாட்டாமை குறுக்கே வந்து நின்றார். கையில் மண்வெட்டி.

"ஏ சொல்தா, இன்னா இது? ஒங்க தெரு சோத்தை எங்க ஆளுங்க துன்னுவாங்களா?"

"சோறா?" சொல்தா கரண்டியை அண்டாவுக்குள் விட்டுத் தூக்கிக் காட்டினார். "எங்க சோறு? ஒரு பருக்கை காட்டு நாட்டாமை. காட்டிட்டா அண்டாவோட ஏரியில கவுத்துடறேன்."

நாட்டாமை பார்த்தார். பருக்கை இல்லை.

"துன்றதுக்குத்தான் பந்தி. குடிக்கிறதுக்கு ஏது பந்தி? பாகூர் டீக்கடையில போயி குடிக்கிறியே, யார் போட்ட டீன்னு கேட்டுட்டா குடிக்கிற?"

சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. மதகுப் பக்கம் இன்னொரு மண்கட்டி தொபீரென்று தண்ணீரில் விழுந்தது. நாட்டாமை திரும்பி அதைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். மண்வெட்டியை ஊன்றிவிட்டு இடது கையை நீட்டினார்.

கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தோம்.

"உப்பு கம்மி" என்றார். இன்னொரு தரம் நீட்டினார்.

அவ்வளவுதான், வரிசை முழுக்கக் கை நீண்டது. ஒரு கையில் கொட்டாங்குச்சி, ஒரு கையில் மூட்டை. நின்றபடியே குடித்தார்கள், குடித்தபடியே மூட்டையைத் தள்ளினார்கள். யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. கப்ராலை அடித்துத்தான் இதைப் போட்டிருக்கிறார் என்று பெண்கள் மூலமாகச் செய்தி காதோடு காதாகப் பரவியது. சூடாகக் குடித்துக்கொண்டிருந்த முரட்டு ஆட்கள் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அஞ்சலை அக்காவின் புருஷன், உறைப்பில்லாமல் எதையும் தொடாத ஆள், "பாவம், நல்ல ஆடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாங்கிக் குடித்தான்.

அந்த நேரத்தில்தான் பின்னால் "மே" என்றது.

கரைமேல் கப்ரால் வந்துகொண்டிருந்தது. அறுத்துக்கொண்டு வந்த கயிறு கழுத்தில் தொங்கியது. வரிசையை ஒவ்வொருவராகத் தாண்டி நேராக வந்து சொல்தா பக்கத்தில் நின்றது.

கொட்டாங்குச்சிகள் எல்லாம் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் நின்றுவிட்டன.

"அப்ப இது இன்னா கறி?" என்றது யாரோ ஒருவன் குரல்.

சொல்தா தொண்டையைக் கனைத்தார். நாட்டாமைக்கு முதலில் புரிந்தது. அவர் முகம் கறுத்ததைப் பார்த்து எனக்கும் புரிந்துவிட்டது. மழைக்கு ஒதுங்க அந்தக் கிடாவுக்குச் சொல்தாவின் கொல்லைக் கொட்டகையை விட்டால் வேறு இடம் ஏது?

"அம்மன் கிடாவையா வெட்டுன?"

மூட்டை கைமாறுவது நின்றுபோயிற்று. ஊர்த் தெரு ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் இன்னொரு பக்கம். நடுவில் மதகு. எனக்கு உயிரே போய்விட்டது. இவர்கள் இங்கே அடித்துக்கொண்டால் சொல்தாவும் போவார், கரையும் போகும், வீடும் போகும், சுவரில் சாய்ந்து தூங்குகிற என் வீட்டுக்காரரும் போவார்.

"ஏரி ரொம்பிச்சுனா கிடா அம்மனுக்கு. ரொம்பிச்சா, இல்லையா?" என்றார் சொல்தா.

"மொறை இருக்குதுடா! மஞ்சத்தண்ணி ஊத்துனியா?"

"நான் எதுக்கு ஊத்தணும்? மூணு நாளா ஒங்க அம்மனே மேல இருந்து ஊத்தறாளே!"

"சிலுப்பிச்சா?" நாட்டாமையின் மண்வெட்டி மேலே எழுந்தது. "கிடா சிலுப்பிச்சாடா?"

"சிலுப்பிச்சாவா?" சொல்தாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஏன் நாட்டாமை, மழையில நனைஞ்சிட்டு உள்ள வந்த ஆடு சிலுப்பாம வேற இன்னா பண்ணும்? காலையிலேர்ந்து அதே வேலையாத்தான் இருந்துச்சு! கப்ராலைத்தான் இட்டுக்கினு போனேன். மனசு வரலை. அங்க ஒதுங்கி நின்னுச்சு இது. கிட்டப் போனேன், எம் மூஞ்சி மேலயே சிலுப்பிச்சு. இதுக்கு மேல உத்தரவு வேணும்னா அது வாயைத் தொறந்து சொல்லணும்!"

அஞ்சலை அக்காவின் புருஷனுக்குச் சூப்பு புரையேறியது. அவன் சிரித்ததில் பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அங்கிருந்து சிரிப்பு கரை முழுக்கப் போய், எங்கள் தெருவைத் தொட்டு, திரும்பி வந்தது. நாட்டாமை சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"தலை எங்க?" என்றார் கடைசியாக.

"கரை அந்தக் கோடியில, அம்மன் கல்லாண்ட, வேப்பிலை மேல வெச்சிருக்கேன். அது அவளுதாச்சே. அதுல நான் கை வைப்பனா?" சொல்தாவின் குரல் இறங்கிவிட்டது.

அவர் போய்த் திரும்ப ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாட்டாமை மண்வெட்டியை இறக்கினார். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம். மூட்டையை எடுங்கடா!" என்றார். ஆட்கள் எடுத்தார்கள். தூக்கம் கலைந்து வெட்கத்தோடு வந்த எங்கள் தெரு ஆட்களும், என் வீட்டுக்காரர் உட்பட, நடுவில் சேர்ந்துகொண்டார்கள். எந்தத் தெரு ஆள் எந்தத் தெரு ஆளிடம் மூட்டை வாங்கினான் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு மழை விட்டது. கலிங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஏரி மட்டம் இறங்கியது. கரை நின்றது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அந்த "அப்புறம்" மிச்சம் இருந்தது.

"சொல்தா, வா வூட்டுக்கு" என்றார் நாட்டாமை. சிரிப்பில்லாத குரல். சொல்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடந்தார். கப்ராலும் நடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தெருவில் பாதிப் பேரும் பயந்துகொண்டே கூடப் போனோம். நாட்டாமை வீட்டில் எங்கள் ஆட்களுக்கு வாசலோடு சரி. வாசலில் நிறுத்தி என்ன தண்டனை சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

அவர் வாசலில் நிற்கவில்லை. "உள்ள வா" என்று கூடத்துக்குள் கூட்டிப் போனார். அங்கே ஒரு இலை போட்டிருந்தது. நாட்டாமையின் மனைவி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். மிளகாய் வாசனை வாசல்வரை வந்தது.

"உக்காரு."

"எனக்கு நின்னுக்கினே..."

"நின்னுக்கினு சோறு துன்ன முடியாது. அண்டாவுல நீ ஒரு வாய் எடுத்துக்கலை. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். உக்காரு சொல்தா."

எனக்கு அது உறைத்தது. ஊருக்கே கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தது நான், அவருக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தக் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சொல்தா உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். வாழ்நாள் முழுக்கச் சோற்றைத் திட்டிய மனிதர் இலையை வழித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

கை கழுவி வந்தவர் தூணில் சாய்ந்தார். ஒரு கொட்டாவி. அவ்வளவுதான்.

நாட்டாமை தானே உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்தார். தலையைத் தாங்கிப் படுக்க வைத்தார். விழுந்த தொப்பியை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, முணுமுணுத்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. சொல்தா தூங்கறாரு."

நாங்கள் திரும்பி நடந்தோம். கப்ரால் மட்டும் வரவில்லை. அந்த வாசற்படியிலேயே கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து வந்த குறட்டையைப் போல இனிமையான சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.